தோட்டத்து வீட்டுக்குப் பார்சல் வந்த நேரமும் நாயை அவிழ்த்துவிட்ட நேரமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பார்சல் கொண்டுவந்த ஒரு தம்பியை நாய் கடித்த சம்பவம் இது, எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் நடந்தது. கடிபட்டவரிடமும் தோட்டத்துக்காரரிடமும் கேட்டு, இரண்டு பேரும் சம்மதித்த பிறகுதான் எழுதுகிறேன். பெயர், ஊர், பார்சல் கம்பெனி எதுவும் வேண்டாம் என்றார்கள், சரி என்றேன். கடிபட்ட தம்பி நன்றாக இருக்கிறார், நாயும் நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தச் சாயங்காலம் நடந்த மாதிரி எங்கள் பக்கம் எந்தத் தோட்டத்தில் வேண்டுமானாலும் நடக்கலாம், அதனால் முதலிலிருந்து முடிவு வரை எழுதி வைக்கிறேன்.

பின்னணி

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில், தார் ரோட்டை விட்டு இறங்கி இட்டேரியில் உள்ளே போனால் வருகிற தோட்டம் அது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, ஒரு வண்டி போகிற அகலம்தான், எதிரே டிராக்டர் வந்தால் பைக்கில் வருகிறவர் வேலியோரம் ஒதுங்கி நிற்க வேண்டும். வீட்டில் இருப்பது எழுபதைத் தாண்டிய பெரியவரும் அவர் வீட்டம்மாவும். மகன் குடும்பத்தோடு பெங்களூரில். நான்கு மாடு, கொஞ்சம் தென்னை, மீதி கொறங்காடு என்கிற மானாவாரி மேய்ச்சல் நிலம். இட்டேரியிலிருந்து திரும்பினால் ஒரு இரும்பு கேட், அங்கிருந்து வீட்டு வாசல் நூற்றைம்பது அடி இருக்கும். கட்டுத்தரை வீட்டுக்குப் பின்னால், அங்கே பால் கறந்துகொண்டிருந்தால் கேட்டில் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது.

நாய் ஒன்றுதான். சிப்பிப்பாறையும் நாட்டு நாயும் கலந்தது, உயரமான உடம்பு, நிறத்தை வைத்து செவலை என்றே கூப்பிடுவார்கள். பகலெல்லாம் கட்டுத்தரை ஓரத்து வேப்ப மரத்தில் சங்கிலியில் கிடக்கும், பொழுது சாய்ந்ததும் அவிழ்த்துவிடுவார்கள். எங்கள் பக்கம் முக்கால்வாசித் தோட்டங்களில் இதுதான் வழக்கம்.

நாய் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்தப் பகுதியின் நிலவரம் தெரிய வேண்டும். 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைகவுண்டம்பாளையத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் அப்பா, அம்மா, மகன் மூன்று பேரும் கொல்லப்பட்டார்கள். 2025 மே மாதத் தொடக்கத்தில், ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கம் தோட்டத்தில் தனியாக இருந்த வயதான தம்பதி கொல்லப்பட்டது தெரியவந்தது. அதற்கப்புறம் தனித் தோட்டத்தில் இருக்கிற பெரியவர்கள் யாரும் நிம்மதியாகத் தூங்குவதில்லை. ராத்திரி நாய் ஒரு தரம் குரைத்தாலும் எழுந்து லைட்டைப் போடுகிறார்கள். இந்த வீட்டில் நாய்க்கு இருக்கிற இடம் அதுதான். கீழே வரும் முடிவுகளெல்லாம் இதை மனதில் வைத்து எடுத்தவை.

இன்னொரு பக்கம், கேட்டுக்கு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். முன்பெல்லாம் தபால்காரர், சிலிண்டர்காரர், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் ரீடிங் எடுப்பவர், தீவன மூட்டை கொண்டுவருகிற ஆட்டோ, அவ்வளவுதான். எல்லாரும் பழகின முகம். இப்போது மகன் பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு அப்பாவுக்கு முழங்கால் பட்டை, அம்மாவுக்கு மிக்சி ஜார், பிரஷர் மாத்திரை, டார்ச் லைட் என்று ஆன்லைனில் போட்டுவிடுகிறார். பாசத்தில் செய்வது, நல்ல விஷயம்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் கேட்டுக்கு வருவது புதுப் புது ஆள்.

நடந்தது

2025 தீபாவளிக்கு முந்தைய வாரம். பார்சல் கூட்டம் அதிகமான நாட்கள், மழை வேறு விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. மகன் அனுப்பிய தீபாவளித் துணி அன்றைக்கு வருவதாக இருந்தது. டெலிவரி தம்பி ரூட்டில் இருக்கிற ஊர்களையெல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாகத்தான் தோட்டங்களுக்கு வருவார், அதனால் இந்தக் கேட்டுக்கு வந்து சேரும்போது ஆறு மணிக்கு மேலாகி இருட்டத் தொடங்கிவிட்டது.

கேட்டில் நின்று போன் செய்திருக்கிறார். பார்சலில் இருந்தது மகனுடைய நம்பர். மகன் ஆபீஸ் வேலையில் இருந்ததால் முதல் அழைப்பை எடுக்கவில்லை, அப்புறம் எடுத்து, "ஒரு நிமிஷம் இருங்க, அம்மாவுக்குச் சொல்றேன்" என்று அம்மாவுக்கு அடித்தார். அம்மாவின் போன் சமையல்கட்டில் சார்ஜில் கிடந்தது, அவர் கட்டுத்தரையில் பால் கறந்துகொண்டிருந்தார். தம்பி ஹாரன் அடித்துப் பார்த்தார், யாரும் வரவில்லை. இதற்கு முன் பகலில் வந்தபோது நாய் சங்கிலியில் கிடந்ததைப் பார்த்திருக்கிறார், இன்றைக்கும் அப்படித்தான் இருக்கும் என்று கொக்கியைத் தூக்கி, கேட்டைத் தள்ளி, பைக்கோடு உள்ளே போனார்.

செவலையைப் பெரியவர் அப்போதுதான் அவிழ்த்துவிட்டிருந்தார்.

மாட்டுக் கொட்டகைக்குப் பின்னாலிருந்து அது வந்த வேகத்தில் தம்பி பிரேக் போட்டுக் காலை ஊன்றிவிட்டார். நாய் நேரே மேலே பாயவில்லை, இரண்டு சுற்று சுற்றிக் குரைத்தது. மழைக்கோட்டு, ஹெல்மெட், முதுகில் பெரிய பை என்று வந்த உருவம் அதற்குப் புதிது. அவர் பயந்துபோய் பைக்கை அப்படியே சாய்த்துவிட்டு ஓடினார். கேட் பக்கம் ஓடவில்லை, வெளிச்சம் தெரிந்த வீட்டுப் பக்கம் ஓடினார். வலது கெண்டைக்காலில் கடித்தது. பெரியவர் போட்ட சத்தத்தில் உடனே விட்டுவிட்டது. ஜீன்ஸைத் தூக்கிப் பார்த்தால் ஆழமாக இரண்டு பல் பதிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

முதல் ஒரு மணி நேரம்

சத்தம் கேட்டு நான் போனபோது வீட்டம்மா ஒரு கையில் மஞ்சள் தூளும் இன்னொரு கையில் சுண்ணாம்பும் வைத்திருந்தார். அவர் பதறிப்போய் எடுத்து வந்தது, மனசு நல்ல மனசு. ஆனால் நாய்க்கடியில் சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காபித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. வெறிநோய்க் கிருமி எச்சிலில்தான் இருக்கிறது, அதைக் காயத்திலிருந்து கழுவி வெளியேற்றுவதுதான் முதல் வேலை. தண்ணீர்த் தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டு, துணி சோப்பைப் போட்டுக் கால் மணி நேரம் விடாமல் கழுவினோம். எரியுது என்றார், கொஞ்சம் பொறுத்துக்கோ தம்பி என்று தொடர்ந்து கழுவினோம். கட்டுப் போடவில்லை. வீட்டிலிருந்த பெட்டாடைனை மட்டும் ஊற்றிக் காரில் ஏற்றினேன்.

அவருக்குக் காலைவிட பையைப் பற்றித்தான் கவலை. "அண்ணா, இன்னும் பார்சல் இருக்குங்க, வசூலான பணமும் அதுல இருக்குது, ஆபீஸ்ல கணக்குக் கேப்பாங்க" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு பார்சலுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு அந்தப் பயம் இருக்கத்தான் செய்யும். பெரியவர் பையைப் பூட்டி வைத்து, அவர் ஆபீஸுக்குப் போன் செய்து, பார்சலும் பணமும் பத்திரமாக இருக்கிறது என்று தானே பேசிச் சொன்ன பிறகுதான் தம்பி சாய்ந்து உட்கார்ந்தார். எனக்கு இது முக்கியமாகப் பட்டது. கடிபட்டவர் வேலை போய்விடுமோ என்று ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போடுகிறார்கள், அந்தக் கவலையைத் தீர்க்க வேண்டியது நாய்க்காரர்தான்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும், டெட்டனஸுக்கான டிடி ஊசியும் போட்டார்கள். தோலைத் துளைத்து ரத்தம் வந்திருப்பதால் இது மூன்றாம் வகைக் கடி, தடுப்பூசி மட்டும் போதாது, இம்யூனோகுளோபுலின் என்கிற எதிர்ப்புப் புரத மருந்தைக் காயத்தைச் சுற்றிலும் செலுத்த வேண்டும் என்று தாலுகா அரசு மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். அன்று ராத்திரியே அங்கே போய்ப் போட்டாயிற்று. கடிபட்ட நாளைப் பூஜ்யமாக வைத்து, தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களிலும், தசையில் போடும் முறையில் 14ஆம் நாளையும் சேர்த்து ஐந்து தடவையும் ஊசி உண்டு. அரசு மருத்துவமனையில் காசு கிடையாது. நோய் அறிகுறி வந்துவிட்டால் அதற்கப்புறம் காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம் என்பதால், "பழகின நாய்தானே, பார்க்கலாம்" என்று இதில் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது.

அடுத்த பத்து நாள்

செவலையின் ஊசி அட்டையை எடுத்துப் பார்த்தோம். குட்டியில் போட்டது, அப்புறமும் போட்டது எல்லாம் இருந்தது, ஆனால் கடைசி ஊசிக்கு ஒன்றரை வருஷம் ஆகிவிட்டிருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை போட வேண்டியது. கால்நடை மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, பத்து நாள் தனியாக வைத்துக் கவனிக்கச் சொன்னார். சாப்பாடு, தண்ணீர், நடை, குரல் இவற்றில் ஏதாவது மாறினால் உடனே சொல்ல வேண்டும். எதுவும் மாறவில்லை. பத்து நாள் முடிந்த பிறகு அதற்கும் ஊசி போட்டார்கள்.

தம்பி ஊசிக்குப் போன நாட்களுக்கும் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கும் கூலியைப் பெரியவர் கொடுத்துவிட்டார். யாரும் கேட்டு வாங்கவில்லை. பார்சல் ஆபீஸில் சிலர் போலீஸில் எழுதிக் கொடுக்கச் சொன்னார்களாம். கொடுத்திருந்தால் அதில் தப்பும் இல்லை. வளர்ப்பு விலங்கால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். கேட்டில் போர்டு வைத்திருந்தேன், அவர்தான் திறந்து வந்தார் என்று சொல்லி எளிதாகக் கைகழுவ முடியாது. இந்தக் கேட்டில் போர்டும் கிடையாது.

அந்த ஆபீஸ் இனி இந்த முகவரிக்கு வரமாட்டோம் என்று நிறுத்திவிட்டது. மகன் அதற்குப் பிறகு போட்ட இரண்டு ஆர்டர், "வாடிக்கையாளர் இல்லை" என்று திரும்பிப் போனது.

கேட்டில் நின்று கவனித்தது

முடிவு எதையும் எடுப்பதற்கு முன்னால், பெரியவரும் நானும் சில நாள் கேட்டில் நின்று யார் எப்படி வருகிறார்கள், நாய் என்ன செய்கிறது என்று பார்த்தோம். கடித்தது ஒரு நிமிஷத்தில் நடந்தது, ஆனால் அதற்கான ஏற்பாடு ரொம்ப நாளாக நடந்துகொண்டிருந்தது என்பது அங்கே நின்றபோதுதான் புரிந்தது.

நேரத்தைத்தான் முதலில் பார்த்தோம். டெலிவரிக்காரர்களுக்குத் தோட்டம்தான் கடைசி, நாயை அவிழ்ப்பதும் அதே நேரம். இந்த இரண்டும் மோதாமல் இத்தனை நாள் தப்பித்ததே பெரிது.

அப்புறம் மேப். மகன் ஆர்டர் போடும்போது லொகேஷன் புள்ளியை வீட்டுக் கூரை மேல் வைத்திருந்தார். வருகிறவரின் போன் "இன்னும் ஐம்பது மீட்டர்" என்று உள்ளே உள்ளே இழுக்கிறது, அவர் கேட்டில் நிற்பாரா? கேட்டில் பெல்லும் இல்லை, கூப்பிட்டாலும் கேட்காது, போன் செய்தால் பெங்களூருக்குப் போகிறது. உள்ளே வருவதைத் தவிர அவருக்கு வேறு வழியே வைக்கவில்லை.

நாய் பக்கம் பார்த்தால், தினமும் இட்டேரியில் பைக் போகும்போதெல்லாம் செவலை சங்கிலியை இழுத்துக்கொண்டு குரைக்கிறது, பைக் போய்விடுகிறது. அதன் கணக்கில் அது குரைத்ததால்தான் பைக் போனது. நாள் முழுக்க இதே பாடம். சாயங்காலம் சங்கிலியை அவிழ்த்ததும் அவ்வளவு நேரம் தேங்கிக் கிடந்த வேகம் முழுக்க முதலில் கண்ணில் படுகிற ஆள் மேல் போகிறது. சங்கிலியில் நெடுநேரம் கட்டிப்போட்டால் நாயின் முரட்டுத்தனம் கூடும் என்று மருத்துவரும் சொன்னார். இன்னொன்று, சில டெலிவரி தம்பிகள் நட்புக்காக பிஸ்கட் வீசிவிட்டுப் போகிறார்கள். அதனால் கேட் சத்தம் கேட்டாலே அது பாய்ந்து ஓடி வரப் பழகியிருந்தது.

ஆனால் எங்களுக்கு அதிகம் கற்றுக் கொடுத்தவர் தபால்காரர். பல வருஷமாக வருகிறார், செவலை அவிழ்ந்திருந்த நேரத்திலும் வந்திருக்கிறார், ஒரு கீறல்கூடப் பட்டதில்லை. எப்படி என்று கூர்ந்து பார்த்தோம். இட்டேரி வளைவிலேயே வண்டியை நிறுத்திவிடுவார், இன்ஜினை அணைப்பார், ஹெல்மெட்டைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டுவார். "அம்மா, தபாலுங்க" என்று ஒரு குரல், அப்புறம் "செவலே, என்னடா" என்று ஒரு குரல், இரண்டும் ஒரே தொனியில். கேட்டுக்கு வந்தும் கொக்கியைத் தொட மாட்டார். நாய் ஓடி வந்தால் அதன் கண்ணைப் பார்க்காமல், உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, தபால் பையை முன்னால் தொங்கவிட்டு நிற்பார். அவர் கை அசைவதே இல்லை. நாய் இரண்டு தரம் குரைத்து, கேட் கம்பி வழியாகப் பையை மோந்துவிட்டுப் போய்விடும். வீட்டம்மா வந்த பிறகுதான் பேச்சு. 2025இல் பதிவுத் தபாலை விரைவுத் தபாலோடு சேர்த்துவிட்டார்கள், அப்படி வருவதைக் கையில் கொடுக்காமல் வைத்துவிட்டுப் போக முடியாது, அதனால் அவர் காத்திருந்துதான் ஆக வேண்டும். அவசரப்படாமல் காத்திருக்கிறார்.

டெலிவரி தம்பியிடம் இதையெல்லாம் எதிர்பார்க்க முடியாது. அவருக்கு நேரமும் கிடையாது, நாயின் பெயரும் தெரியாது. தபால்காரர் தன் பழக்கத்தால் செய்துகொள்வதை, புதிதாக வருகிறவருக்கு நம் கேட் ஏற்பாடே செய்து கொடுக்க வேண்டும் என்றுதான் நாங்கள் முடிவுக்கு வந்தோம்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

சொந்தக்காரர்கள் இரண்டு யோசனை சொன்னார்கள். நாயை யாருக்காவது கொடுத்துவிடு, இல்லையென்றால் ராத்திரி பகல் கட்டியே வை. முதலாவதற்குப் பெரியவர் ஒப்பவில்லை, மேலே சொன்ன பயம்தான் காரணம், அதில் நியாயம் இருக்கிறது. இரண்டாவது நோயை இன்னும் கூட்டுகிற மருந்து. அதனால் நாய் இருக்கிற இடமும் வெளியாள் வருகிற இடமும் எப்போதும் ஒன்றாகக் கூடாது என்று வைத்து வேலையை ஆரம்பித்தோம்.

பெரிய செலவு உள்கேட்தான். வெளிகேட்டிலிருந்து முப்பது அடி உள்ளே கல்லுக்கால் நட்டு, ஐந்தடி உயரத்துக்குக் கம்பி வலை அடித்து, நடுவில் ஒரு கேட் போட்டார்கள். இரண்டு கேட்டுக்கும் நடுவில் நாய் வராது. முப்பது அடி எதற்கென்றால், பைக்கை உள்ளே கொண்டுவந்து ஒரே வளைவில் திருப்பிக்கொண்டு போகிற அளவு வேண்டும். இட்டேரி குறுகல், அங்கே வண்டியைத் திருப்ப முடியாது, பின்னாலேயே உருட்டிக்கொண்டு போகிறவருக்குப் பதற்றம்தான் வரும். உள்கேட்டுக்கு அடியில் நாய் மூக்கை விட்டுத் தோண்டும் என்பதால் கடப்பைக் கல் பதித்தார்கள். வலையின் கீழ்ப்பாதிக்குத் தென்னந் தடுக்கு கட்டினோம். பைக் கண்ணில் படாவிட்டால் குரைப்பு பாதி குறைந்துவிடுகிறது, இது அவ்வளவு பலன் தரும் என்று யாரும் நினைக்கவில்லை. உள்பக்கம் அடைப்பானதால் செவலைக்குப் பகலிலும் சங்கிலி தேவைப்படவில்லை. வெளிகேட்டை ராத்திரி எட்டு மணிக்குப் பூட்டிவிட்டு, அதற்கப்புறம்தான் உள்கேட்டைத் திறந்து முழுத் தோட்டத்துக்கும் நாயை விடுவது.

பார்சல் வைக்க, மூடி போட்ட பழைய நீல டிரம்மை ஒரு ஸ்டாண்டில் படுக்க வைத்தாயிற்று, வாய் மழை அடிக்காத திசையில். மாத்திரை, மருந்தை மட்டும் அதில் வைக்கக் கூடாது என்று முடிவு செய்தார்கள். சித்திரை வெயிலில் டிரம்முக்குள் கை வைக்க முடியாது. வீட்டம்மா சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர், அது 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய சரக்கு. இனி மருந்து எல்லாம் டவுனில் மெடிக்கல் கடையில் நேரே வாங்குவது என்று மகனும் ஒப்புக்கொண்டார்.

போர்டு விஷயத்தில் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. "நாய் ஜாக்கிரதை" என்று கடையில் விற்கிற தகடே போதும் என்றார் பெரியவர். அது எச்சரிக்கிறது, சரி, ஆனால் வந்தவர் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லையே என்றேன். கடைசியில் பெயின்டரிடம் எழுதி வாங்கியது இதுதான்: "நாய் அவிழ்த்துவிட்டிருக்கும். இந்தக் கேட்டுக்குள் வரலாம். உள்கேட்டைத் திறக்க வேண்டாம். பெல்லை அடிக்கவும். பார்சலை டிரம்மில் வைக்கவும்." கீழே பெரியவரின் நம்பரும் வீட்டம்மாவின் நம்பரும், பக்கத்தில் ஒரு நாய்ப் படம். எழுத்து பைக்கில் உட்கார்ந்தபடி படிக்கிற உயரத்தில், ஹெட்லைட் வெளிச்சம் படுகிற மாதிரி.

மகன் செய்ய வேண்டியது சின்ன வேலை, பலன் பெரிது. லொகேஷன் புள்ளியைக் கூரையிலிருந்து வெளிகேட்டுக்கு மாற்றினார். முகவரியிலேயே "தண்ணி டேங்க் தாண்டி இட்டேரியில் வலது பக்கம் பச்சை கேட், நாய் உண்டு, டிரம்மில் வைக்கவும்" என்று சேர்த்தார். போன் நம்பரை அப்பாவுடையதாக மாற்றினார். ஓடிபி கேட்கிற பார்சல் வருகிற நாளில் அந்த எண்ணைக் காலையிலேயே அப்பாவுக்கு அனுப்பிவிடுகிறார். வெளியூரிலிருந்து பெற்றோருக்கு ஆர்டர் போடுகிறவர்கள் வேறு எதையும் செய்யாவிட்டாலும் இந்த ஒன்றையாவது இன்றைக்கே செய்துவிடுங்கள்.

பெல் வைத்ததில் ஒரு சிக்கல் வந்தது. கேட் தூணிலிருந்து வயர் இழுத்து, கட்டுத்தரைக்கும் கேட்கிற மாதிரி பெல் மாட்டினார்கள். பெல் அடித்தால் யாரோ வந்திருக்கிறார்கள் என்று செவலை அன்றே தெரிந்துகொண்டு, பெல் அடித்ததும் உள்கேட்டில் போய் நின்று குதிக்க ஆரம்பித்தது. அதை மாற்றப் பொறுமை வேண்டியிருந்தது. வேலைக்கு வருகிற பையனைச் சும்மா பெல் அடிக்கச் சொல்வது, அதே நேரம் வீட்டம்மா கட்டுத்தரை ஓரத்துச் சாக்குக்குப் பக்கத்தில் நின்று "செவலே, சாக்கு" என்று கூப்பிட்டு ஒரு துண்டு கருவாடு போடுவது. முதலில் யாரும் வராமலே பெல், அப்புறம் பையன் கேட்டில் நிற்கும்போது பெல், அப்புறம் பைக் சத்தத்தோடு பெல். அடிக்கவில்லை, அதட்டவில்லை. அடித்தால் பெல்லையும் அடியையும் சேர்த்துப் புரிந்துகொண்டு, வருகிறவர் மேல்தான் கோபப்படும். மார்கழி வாக்கில் பெல் அடித்தால் அது கேட்டுக்கு ஓடாமல் சாக்குக்கு ஓடியது. பொக்கை வாயைத் திறந்து பெரியவர் சிரித்த சிரிப்பை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சிலிண்டருக்கும் ரீடிங்குக்கும் தனி ஏற்பாடு. 14.2 கிலோ கேஸும் இரும்பின் எடையும் சேர்ந்து முப்பது கிலோ வரும், அதைக் கேட்டில் இறக்கிவிட்டுப் போங்கள் என்று வயதானவர்கள் இருக்கிற வீட்டில் சொல்ல முடியாது. சிலிண்டர்காரர் தார் ரோட்டிலிருந்து போன் செய்வார், நாயைக் கொட்டகையில் அடைத்துக் கதவைச் சாத்திவிட்டு "அடைச்சாச்சுங்க, வாங்க" என்று இவர்கள் பதில் சொன்ன பிறகுதான் அவர் இட்டேரியில் இறங்குவது. ரீடிங் எடுப்பவர் ஏறக்குறைய அதே தேதியில் வருவதால் காலண்டரில் வட்டம் போட்டிருக்கிறார்கள்.

அதன் பிறகு

தம்பி ஊசியெல்லாம் முடித்த பிறகு பெரியவரே பார்சல் ஆபீஸுக்குப் போய், கேட்டை வந்து பார்க்கும்படி கேட்டார். பொறுப்பாளர் வந்து, உள்கேட், டிரம், போர்டு எல்லாம் பார்த்து, பெல்லை ஒரு தடவை அடித்தும் பார்த்துவிட்டு முகவரியைத் திறந்துவிட்டார். முதல் பார்சலை அதே தம்பிதான் கொண்டுவந்தார். வெளிகேட்டுக்கு உள்ளே வரவே யோசித்தார், வெளியே நின்றபடியே வீட்டம்மாவின் கையில் கொடுத்தார். "உள்ள வா கண்ணு, அது இந்தப் பக்கம் வராது" என்றதற்கு "இருக்கட்டுங்கம்மா" என்றார். அடுத்தடுத்த தடவைகளில் உள்ளே வந்து டிரம்மில் வைத்துவிட்டுப் பைக்கைத் திருப்பிக்கொண்டு போகிறார். வலை ஓரம் மட்டும் இன்னும் வரமாட்டார். வர வேண்டிய அவசியமும் இல்லை.

அவரிடம் எங்களுக்குத் தெரிந்த வரை சொல்லி வைத்தோம். நாய் வந்தால் ஓடாதே, கத்தாதே, காலைத் தூக்கி உதைக்காதே, பையையோ ஹெல்மெட்டையோ முன்னால் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நில், மெல்லப் பின்னால் வா. வால் ஆடுகிறது என்று நம்பிக் கையை நீட்டாதே, விறைத்த உடம்போடு உயரத் தூக்கிய வாலை ஆட்டுகிற நாய் எச்சரிக்கிறது. பைக்கில் உட்கார்ந்திருந்தால் உட்கார்ந்தே இரு. இதைத் தன் ஆபீஸில் மற்றவர்களுக்கும் சொன்னதாகப் பிறகு சொன்னார்.

இன்னும் சரியாகாதவை

பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர்கள் உள்கேட்டைத் திறந்தபடி விட்டுவிட்டுக் காரை எடுத்தார்கள். செவலை வெளிகேட் வரை போய் நின்றிருந்தது, நல்லவேளை அப்போது யாரும் வரவில்லை. உள்கேட் தானாகவே சாத்திக்கொள்ளும்படி ஸ்பிரிங் போடச் சொல்லியிருக்கிறேன், இன்னும் போடவில்லை. இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும், கேட் அடிக்கும்போதே செய்தால் வெல்டருக்குக் கூடுதலாக அரை மணி நேர வேலைதான்.

கரண்ட் மீட்டர் இன்னமும் வீட்டுச் சுவரில்தான் இருக்கிறது. அதை வெளிகேட் பக்கம் மாற்ற மனு கொடுக்கலாமா என்று மகன் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

கிளுவை வேலியில் தெற்குப் பக்கம் ஒரு சந்து இருக்கிறது, பக்கத்துத் தோட்டத்து நாய் அதன் வழியாக நுழைந்து இட்டேரிக்கு வருகிறது. அந்த நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதா என்று கேட்டால் தெளிவான பதில் வரவில்லை. கால்நடை மருந்தகத்தில் தோட்டத்து நாய்களுக்கெல்லாம் ஒரே நாளில் ஊசி போட முடியுமா என்று கேட்டு வைத்திருக்கிறோம். மருத்துவர், நாய்களின் எண்ணிக்கையைச் சொன்னால் மருந்து வரவழைக்கிறேன் என்றிருக்கிறார். இட்டேரியில் இருக்கிற தோட்டங்களில் பெயரை எழுதி வாங்குகிற வேலை இப்போது நடக்கிறது, ஒரு வீடு மட்டும் பாக்கி.